கடலோரம் போகும் நேரத்தைக் கடலிடம் கேளுங்கள்

குடும்பத்தோடு ஒரு நாள் கடலோரம் போகலாம் என்று பேச்சு எழுந்தால் போதும், வண்டி எத்தனை மணிக்கு, யார் ஜன்னல் சீட்டில், சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று விவாதம் நீண்டுகொண்டே போகும். அன்றைக்குக் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று மட்டும் யாருக்கும் கேட்கத் தோன்றாது. வெறும் மணற்கரை என்றால் பரவாயில்லை. நீர் வற்றும்போது பாறைகளுக்கு நடுவே தேங்கும் பாறைக்குளங்கள், கடல் அரித்த குகை, நீர் வற்றினால் மட்டுமே நடந்து போக முடிகிற திட்டு என்றால், என் கட்சி இதுதான்: முதலில் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியல், மற்றதெல்லாம் அப்புறம்.

பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். உச்சத்திலிருந்து அடிமட்டத்துக்கு இறங்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். நிலவு நகர்ந்துகொண்டே இருப்பதால் இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். “போன வாரம் பதினொரு மணிக்குப் போனோம், நட்சத்திர மீனெல்லாம் பார்த்தோம்” என்று யாரோ சொன்னதை நம்பி இந்த வாரம் அதே பதினொரு மணிக்குப் போய் நின்றால் என்ன ஆகும்? ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் தள்ளிப்போயிருக்கும், குளம் இருந்த இடத்தில் அலை அடிக்கும். பிறகு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று ஒற்றை நட்சத்திரம் போட்டு விமர்சனம் வேறு எழுதுவார்கள்!

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிக தூரம் உள்வாங்கும், அதே அளவுக்கு மேலேயும் ஏறும். இடத்துக்கு இடம் அளவும் மாறும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் வித்தியாசம் 16 மீட்டர் வரை போகும், அங்கே ஹோப்வெல் பாறைகளுக்கு நடுவே கடலடித் தரையில் நடக்கிறார்கள், சில மணி நேரம் கழித்து அதே இடத்தில் படகு ஓட்டுகிறார்கள். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியிலோ வித்தியாசமே அவ்வளவாகத் தெரியாது.

நீர் அடிமட்டத்துக்கு வருவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போய், வற்றுகிற நீரின் பின்னாலேயே மெதுவாக இறங்குவதுதான் நல்லது. திரும்பி ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிட வேண்டும். ஏற்றம் ஒரே வேகத்தில் வராது: முதல் மணி நேரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், மூன்றாவது நான்காவது மணி நேரங்களில் மட்டுமே ஏற்றத்தில் பாதி வந்துவிடும். அதுவும் முன்னால் தெரிகிற அலையாக வராமல், முதுகுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு வரும், அதனால்தான் செல்ஃபிக்காகக் கடைசிப் பாறைக்குப் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

குழந்தைகளைப் பத்து குளத்துக்கு இழுத்தடிக்காதீர்கள். ஒரே குளத்தின் ஓரம் அசையாமல் உட்காரச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் சங்குக்குள் இருக்கும் நண்டு காலை நீட்டும், சுருங்கிக் கிடந்த கடல் சாமந்தி என்ற பூப்போன்ற உயிரி விரியும். கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள், அடியில் இருப்பவை வெயிலில் செத்துப்போகும். போட்டோவுக்காக நட்சத்திர மீனைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் குழந்தை கையில் கொடுக்கும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தாத்தா பாட்டிகளுக்குப் பாசி படியாத காய்ந்த பாறையாகப் பார்த்து, நீரேறும் கோட்டுக்கு மேலே இடம் பிடித்துக் கொடுங்கள்.

நீர் வற்றும் நேரம் நள்ளிரவில் வருகிற தேதி என்றால் தேதியை மாற்றுங்கள். அந்த ஒரு நாள்தான் எல்லோருக்கும் லீவு என்றால், சரி, மணலில் ஆடிவிட்டு வாருங்கள், பாறைப் பக்கம் மட்டும் வேண்டாம்.