‘எனக்குக் கேக்கலை’ன்னு சொல்ல ஒரு சனிக்கிழமை

தோள்வலிக்காரர்களுக்கென்று வாட்ஸப்பில் ஒரு குழு நடத்துகிறேன் என்று சொன்னால் முதலில் எல்லாரும் சிரிப்பார்கள். அப்புறம் மெதுவாக, "எனக்கும் இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிப்பு இருக்கு டீச்சர், சேத்து விடுங்களேன்" என்பார்கள். 2020 ஊரடங்கில் பதினோரு பேரோடு ஆரம்பித்தது, இப்போது நானூறைத் தாண்டி நிற்கிறது. யோகா செய்கிறவர்கள், பிசியோதெரபி போகிறவர்கள், எண்ணெய் போட்டுத் தொக்கணம் (சித்த வைத்தியத்தில் உடம்பைப் பிடித்துவிடுவது) செய்துகொள்கிறவர்கள், உடம்பின் வர்மப் புள்ளிகளைத் தொட்டு வைத்தியம் பார்க்கும் வர்ம ஆசானிடம் போகிறவர்கள், மூச்சுப் பயிற்சிக்காரர்கள் எல்லாரும் உண்டு. போன வாரம் தங்கை முறை ஆகிற ஒருத்தி, இடுப்புவலிக்காக இதுபோல ஒன்று தொடங்கப் போவதாகச் சொல்லி, "ரூல்ஸ் எல்லாம் அனுப்புங்கக்கா" என்றாள். ரூல்ஸ் அனுப்ப ஒரு நிமிஷம் போதும். அதெல்லாம் எந்த அடியில் வந்தது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்.

எனக்கு 2018-ல் வலது தோள் போனது. கரும்பலகையில் மேல்வரி எழுதக் கை எழும்பவில்லை. பாதிப் பலகைக்குக் கீழேதான் பாடம், கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதினார்கள். பின்னல் மகள் போட்டுவிட்டாள். உள்பாடிக் கொக்கியை முன்னால் மாட்டிவிட்டுப் பின்னால் திருப்பிக்கொள்ளும் வித்தை அப்போது படித்ததுதான். ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போய்த் திரும்பும்.

ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது உறைந்த தோள் என்றார்கள். பெரும்பாலும் நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் வருவது, பெண்களுக்குக் கூடுதல், சர்க்கரை இருப்பவர்களுக்குப் பல மடங்கு கூடுதல். அதற்கு மூன்று கட்டம். முதலில் வலி. அப்புறம் வலி குறைந்து இறுக்கம். கடைசியில் மெல்ல இளகும். எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷம் வரை இழுக்கும். நிறையப் பேருக்கு, என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், கடைசியில் பெருமளவு இளகிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் என்னென்ன செய்தேன்? கதவுக்கு மேலே கப்பி மாட்டிக் கயிறு இழுத்தேன். குனிந்து நின்று கையை ஊசல் மாதிரி ஆட்டினேன். சுவரில் விரலால் ஏறினேன், எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். மூன்று மாதம் ஒரே கோட்டின் மேலேயே தேதி தேதியாக எழுதினேன், வீட்டுக்காரர் அதைப் பார்த்து "பால் கணக்கா?" என்று கேட்டார். பதினாலாவது மாதம் பக்கத்து ஊரில் ஒரு அம்மாவிடம் எண்ணெய் போட்டுத் தடவிக்கொள்ளப் போனேன். நாலு வாரத்தில் கோடு ஒரு சாண் ஏறியது. அவ்வளவுதான், நான் அந்த எண்ணெய்க்குத் தூதராகிவிட்டேன். பஸ்ஸில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில் என்று ஒரு இடம் விடவில்லை.

அந்த அம்மா கை நல்ல கைதான், இன்றைக்கும் சொல்வேன். அவரிடம் போய்விட்டு வந்த அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதுவே பெரிது. ஆனால் பதினாலாவது மாதம் என்பது தோள் தானாகவே இளகத் தொடங்கும் மாதம். அந்த வாரம் நான் சுவரைப் பார்த்துக் கவிதை சொல்லிக்கொண்டிருந்திருந்தால் கவிதைதான் குணமாக்கியது என்றிருப்பேன்.

இப்போது குழுவுக்கு வருகிறேன். முதல் இரண்டு வருஷம் எங்கள் குழு முழுக்க முழுக்க என்னைப் போன்ற தூதர்களால் நிரம்பியிருந்தது. "எனக்கு இது கேட்டது, நீங்களும் செய்யுங்க." அதற்குக் கீழே நாற்பது கும்பிடு, பூங்கொத்து. கோவையிலிருந்து ஒரு பிசியோ தங்கச்சி குழுவில் இருக்கிறாள். அவள் தலைபாடாக அடித்துக்கொள்வாள்: வலி உச்சத்தில் இருக்கும் முதல் கட்டத்தில் கையைப் பிடித்து முரட்டுத்தனமாக இழுத்தால் இன்னும் மோசமாகும், அளவான இழுப்பு கடைசிக் கட்டத்தில் நல்லது. ஆக, குணமானவர் நல்ல மனதோடு சொல்வதே புதிதாக வந்தவருக்கு வினையாகிவிடும். அதனால் இப்போது யாராவது புதிதாகச் சேர்ந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனாவது மாசம்?" ஆண்கள் கொஞ்சம் திகைக்கிறார்கள்.

அந்த ராத்திரியைச் சொல்லாமல் இதெல்லாம் விளங்காது. 2022 ஆடி மாதம். பத்தே முக்கால் மணிக்கு, கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி எழுதுகிறார்: "இடது தோள் இழுக்குது. வேர்த்துக் கொட்டுது. சாப்ட்டது ஒத்துக்கலையோ." நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. பதினொன்றேகாலுக்குப் போனை எடுத்தால் ஒன்பது பதில். வாயு. பெருங்காயத்தை வெந்நீரில் கலக்குங்க. உப்பு ஒத்தடம். ஊசல் பயிற்சி பத்து நிமிஷம். ஒருத்தர் உள்ளங்கையில் எந்தப் புள்ளியை அழுத்தணும் என்று வீடியோவே போட்டிருந்தார். ஒன்பது பேரும் நல்லவர்கள். அதில் மூன்று பேர் அண்ணாச்சி வீட்டு விசேஷத்துக்குப் போனவர்கள். அண்ணாச்சியோ ஒவ்வொருத்தருக்கும் நன்றி போட்டுவிட்டு, அந்த நேரத்தில் பெருங்காயம் கலக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

போன் போட்டேன். மதினிதான் எடுத்தாங்க. "மதினி, இந்தப் போனை வச்சிட்டு 108-க்கு அடிங்க" என்றேன். மாரடைப்பு. அடைத்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டார். சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல்கூட வரலாம், தோளோ தாடையோ வலிப்பது, வேர்ப்பது, மூச்சு வாங்குவது மட்டும் இருக்கலாம் என்று டாக்டர் மதினியிடம் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தோள் உறைவது சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம். வலியே காட்டாத மாரடைப்பும் அவர்களுக்கு அதிகம். அப்படியானால், ஒரு மாரடைப்பைத் தோள்வலி என்று நினைத்து ஏமாறுவதற்கு எங்கள் குழுவைவிடத் தோதான இடம் உலகத்தில் இல்லை! மறுநாள் காலை, "சர்க்கரை இருக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்று போட்டேன். (தோள்வலிக் குழுவில் கையைத் தூக்கச் சொன்ன அட்மின் என்று இன்றுவரை கேலி.) வந்த கைகளை எண்ணிப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து ராத்திரி பத்துக்குக் குழுவைப் பூட்டிவிடுகிறேன். அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டால் முடிந்தது, காலை ஐந்துக்குத் திறப்பேன். ராத்திரியில் தானே ஆறுதல் வேண்டும் என்று சண்டை போட்டார்கள். வாஸ்தவம்தான். ஆனால் பத்து மணிக்கு மேல் பேச ஆள் வேண்டுமென்றால் குழு முகப்பில் மூன்று எண் போட்டிருக்கிறேன்: உடம்புக்கு அவசரம் என்றால் 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மனசு தாங்கவில்லை என்றால் 14416. நாங்கள் திறந்திருந்தால் அந்த எண்ணை அழுத்தாமல் எங்களை அழுத்துவார்கள். அண்ணாச்சி செய்தது அதுதான்.

ஆசான் ஒருத்தர் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குமரி மாவட்டத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர், பேரன்தான் தட்டச்சு செய்து தருவான். வர்மப் புள்ளி மொத்தம் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று இப்போது யூட்யூப் பார்க்கிற பிள்ளைகூடச் சொல்லும். தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை என்பதையும் சொல்லும். ஆசான் குழுவில் இருக்கும் இத்தனை வருஷத்தில் ஒரு புள்ளியின் பெயரைக்கூட எழுதியதில்லை. கேட்டால், "கையைத் தொட்டுப் பாக்காம புள்ளி சொன்னா அது வைத்தியம் இல்ல மக்களே, விடுகதை" என்பார். ஒரு மாதம் ஆன்லைன் வகுப்பு முடித்தவர்கள்தான் தினமும் மூன்று புள்ளி சொன்னார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒருத்தர் பெண்களுக்கு மட்டும் தனியே மெசேஜ் அனுப்பி, வலிக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் என்று தெரிந்தது. அன்றைக்கே நீக்கினேன். குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும் என்பதை அட்மின் ஒரு நாளும் மறக்கக் கூடாது. பொதுவில் கேட்டு அனுமதி வாங்காமல் தனிச்செய்தி கூடாது, உடம்பின் படமே கூடாது. இதில் எனக்குத் தயவுதாட்சண்யம் கிடையாது.

எண்ணெய் விற்கிறவர்கள், காந்தப் பட்டை விற்கிறவர்கள் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். "சர்க்கரை முற்றிலும் குணம்" என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது, அதன் அட்டவணையில் 54 நோய் இருக்கிறது, சர்க்கரையும் அதில் ஒன்று. வீட்டுக்காரர், "எவனோ போட்டதுக்குப் போலீஸ் வந்தா நீதானே போகணும்?" என்று பயந்தார். உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் பொறுப்பாக முடியாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருப்பதைக் காட்டினேன். "அது கேரளா" என்றார். சரி, அதை விடுங்கள்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய பாடம் வேறு. குழுவில் மாதாமாதம் இருபது பேர் சத்தமில்லாமல் வெளியேறினார்கள். குணமாகிப் போகிறார்கள் என்று சந்தோஷமாக இருந்தேன். ஒருநாள் திருப்பூரில் தையல் வேலை செய்யும் ஒரு தம்பி வெளியேறியதைப் பார்த்து, சும்மா விசாரிக்கலாம் என்று கூப்பிட்டேன். "ஏழு மாசமா எல்லாம் செஞ்சேங்க டீச்சர். கை அப்படியேதான் இருக்குது. எல்லாரும் சரியாகிட்டதா எழுதறாங்க. நான்தான் ஒழுங்கா செய்யலையோன்னு இருக்குதுங்க. நம்பிக்கையோட செய்யணும்னு அன்னிக்கு ஒரு அக்கா சொன்னாங்க. எனக்கு நம்பிக்கை பத்தலை போல" என்றான். தையல் மிஷின் முன்னால் பத்து மணி நேரம் உட்காருகிற பையன். கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த அக்கா நான்தான்.

"நம்பிக்கையோட செய்யுங்க" என்பதை ஆறுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பலன் கிடைத்தால் பெயர் பயிற்சிக்கு, கிடைக்காவிட்டால் பழி செய்தவன் தலையில். இப்படி ஒரு வாக்கியத்தை வலியோடு இருக்கிறவனிடம் சொல்லலாமா? ஆதரவுக் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு, குணமானவர்கள் மட்டும் பேசும் மேடையாக அதை ஆக்கி வைத்திருந்தோம். குணமாகாதவர்களுக்குத்தானே ஆதரவே வேண்டும்?

அப்படித்தான் சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு "எனக்கு இது கேக்கலை" என்பது மட்டும்தான் எழுதலாம். பதிலுக்கு யோசனை சொல்லக் கூடாது, வேறு பயிற்சி சொல்லக் கூடாது, காணொளி கூடாது. "எங்களுக்கும் அப்படித்தான்", "எப்போ ரொம்ப வலிக்குது?" இந்த மாதிரி மட்டும். முதல் சனிக்கிழமை ஒருத்தரும் எழுதவில்லை. இரண்டாவது வாரம் நானே எழுதினேன்: சுவர்க் கோட்டில் மூன்று மாதம் அசையாமல் நின்றதை, ஒரு நாள் ராத்திரி அந்தப் பென்சிலை ஜன்னல் வழியாக எறிந்ததை. அப்புறம் மடை திறந்தது. தோஹாவில் லாரி ஓட்டும் ஒரு தம்பி, ஸ்டியரிங்கை ஒரு கையால் திருப்புவதை முதலாளிக்குத் தெரியாமல் மறைப்பதை எழுதினான். யோகா சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மா, தன் கையே தலைக்கு மேல் போகாததை வகுப்பில் இரண்டு வருஷம் மறைத்ததை எழுதினார். திருப்பூர்த் தம்பியைத் திரும்பச் சேர்த்தேன். இப்போது பிசியோ தங்கச்சி சொல்லி ஒரு எலும்பு மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுத்ததில், அவனுடையது உறைந்த தோளே இல்லை, தசைநார் கிழிந்திருக்கிறது என்று தெரிந்தது. எங்கள் பயிற்சி எப்படிக் கேட்கும்? அவன் "கேக்கலை" என்று வாயைத் திறந்து சொன்னதால்தான் அது வெளியே வந்தது.

சில சனிக்கிழமை படிக்க முடியாத அளவு பாரமாக இருக்கும். ஞாயிறு காலை யாராவது ஒரு மொக்கை ஜோக் போட்டால் நான் நீக்குவதில்லை.

இரண்டு மாதமாக எனக்கு இடது தோள் பிடிக்கிறது. ஒரு பக்கம் வந்தால் சிலருக்கு அடுத்த பக்கமும் வருமாம். போன சனிக்கிழமை தயங்கித் தயங்கி எழுதினேன்: "பழைய பயிற்சி எல்லாம் செய்றேன், இந்தத் தடவை ஒண்ணும் கேக்கலை." ஒரு நிமிஷத்துக்குள் முதல் பதில். ஸ்டென்ட் வைத்த அண்ணாச்சி.

"டீச்சர், நீங்க சுகர் எப்போ பாத்தீங்க?"

சனிக்கிழமை விதியை மீறினது அண்ணாச்சிதான், ஆனால் நீக்க மனசு வரவில்லை. நாளைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.