கிராமத்துக்குச் சர்க்கரை வராதா?

"வயல்வேலை செய்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வராது. அது நகரத்து நோய், கிராமத்தில் பரிசோதனையே வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியானது, அதில் சரிபார்க்கலாம். நீரிழிவு நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.9. வதந்திக்கு இந்த இடைவெளிதான் தீனி போலும். ஆனால் நீரிழிவுக்கு முந்தைய நிலை, அதாவது ரத்தச் சர்க்கரை இயல்பைத் தாண்டியும் நீரிழிவு அளவை எட்டாத நிலை, நகரத்தில் 15.4, கிராமத்தில் 15.2. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

உழவும் அறுவடையும் பெரும்பாலும் இயந்திரத்துக்குப் போய்விட்டன; தட்டில் தீட்டிய அரிசிச் சோறு மட்டும் குறையவில்லை. பெற்றோருக்குச் சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், கர்ப்பகாலச் சர்க்கரை, ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டும் இடுப்பு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும்.

நீரிழிவுக்கு முந்தைய நிலையில் பெரும்பாலும் அறிகுறியே இராது. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்பது ஆதாரமாகாது. உணவு, நடை, எடைக் குறைப்பால் பலர் இதிலிருந்து மீளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தச் சர்க்கரையை இலவசமாகப் பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவர்களுக்கு இந்த எண்களைச் சொல்லுங்கள்.