போட்டி மாங்காவில் பசிக்கும், யோஷினாகாவிடம்தான் சமைக்க வரும்

சமையல் மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) எது படிக்கலாம் என்று யார் கேட்டாலும் உடனே சமையல் போட்டிக் கதையான 'ஷோகுகெகி நோ சோமா'வை நீட்டிவிடுகிறார்கள். விறுவிறுப்பில் குறையில்லை. செய்முறைகளுக்கென்றே யூகி மொரிசாகி என்ற சமையல் நிபுணரையும் கூட வைத்திருந்தார்கள். ஆனாலும் அடுப்படிக்கு அது அவ்வளவாக உதவாது. ஜெயிக்க ஒரு ரகசியப் பொருள் வேண்டும், நடுவர் சொக்கிப்போக வேண்டும். வெங்காயம் எவ்வளவு நேரம் வதங்கியது என்று யாருக்குக் கவலை?

என் ஓட்டு ஃபூமி யோஷினாகாவின் 'கினோ நானி தபேதா?'வுக்கு. 2007இல் தொடங்கிய தொடர். ஷிரோ என்ற வக்கீல், தொடக்கத்தில் இரண்டு பேர் சாப்பாட்டை மாதம் 25,000 யென்னுக்குள் முடிக்கப் பார்க்கிறார். அதில் கற்க வேண்டியது வரிசை. சோறு வேகிற நேரத்தில் காய் நறுக்குவது, ஒன்று கொதிக்கும்போது இன்னொன்றை ஊறவைப்பது, கடைசியில் எல்லாம் சூடாக ஒன்றாக மேசைக்கு வருவது. இதைப் பெரும்பாலான சமையல் புத்தகங்கள் சொல்லித்தருவதில்லை.

ஆனால் மாங்கா ஜப்பானியருக்காக வரைந்தது. அவர்களுக்குத் தெரிந்ததை ஒரே கட்டத்தில் தாண்டிவிடும். ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறான தாஷி அப்படித்தான். 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு (மாட்டுக்கொம்பு இல்லை, கடற்பாசி) போட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு சிறுதீ. பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழ்கள் கிளம்பியதும் கொம்பை எடுத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் வழவழப்பும் பாசி வாடையும் இறங்கிவிடும். அதற்குப் பிறகு தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, 20 முதல் 30 கிராம் கட்சுவோபுஷிச் (புகையூட்டிக் காயவைத்த சூரை மீன்) சீவல். இரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள். பலர் கெடுப்பது இந்த இடத்தில்தான்: வீணாகப் போகிறதே என்று துணியைப் பிழிவார்கள். கசப்பும் மீன் கவிச்சியும் வந்துவிடும், தாஷியும் கலங்கிவிடும்.

ஏன் இரண்டும் வேண்டும்? கொம்பில் இருப்பது குளூட்டமேட். 1908இல் கிகுனே இகேதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் அதைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். மீனில் இருப்பது இனோசினேட். இரண்டும் சேர்ந்தால் சுவை பல மடங்கு ஏறும்.

கட்சுவோபுஷி கிடைக்கவில்லையா? இலங்கைச் சம்பலில் போடும் மாசியும் சூரை மீனை அவித்துப் புகையூட்டிக் காயவைத்ததுதான். சமாளிக்கலாம். ஆனால் அதை உப்புநீரில் அவிப்பதுண்டு, அதனால் சோயா சாஸைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சமையல் மாங்காவான 'ஒயிஷின்போ' (1983இல் தொடங்கியது) ரசிகர்கள் இப்போது முறைப்பார்கள். அவர்களுக்குச் சுவையூட்டிப் பொடி என்றாலே பாவம். ஷிரோவோ மென்ட்சுயு (தாஷியும் சோயாவும் கலந்த ரெடிமேட் சாஸ்) பாட்டிலைத் தயங்காமல் திறக்கிறார். வேலை நாளில் நான் ஷிரோ கட்சி. பொருளின் தரம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள ஒயிஷின்போ, ராத்திரிச் சாப்பாட்டுக்கு யோஷினாகா.

அளவுகளில் கவனம். ஜப்பானியச் செய்முறையில் ஒரு கப் 200 மி.லி., அரிசிக் கப் மட்டும் 180. நம் கடையில் விற்கும் 240 மி.லி. கப்பால் அளந்தால் குழம்பு நீர்த்துப்போகும். சுண்டவைக்கும் பண்டங்களில் சர்க்கரை முதலில், சோயா பிறகு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) கடைசியில். மிசோ போட்டபின் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும்.

இன்னொன்று, உசுகுச்சி சோயா. நிறம் வெளிர், உப்பு அதிகம்: ஏறக்குறைய 18 சதவீதம். சாதாரணக் கொய்குச்சியில் 16தான். 'லைட்' என்று நினைத்து ஒரு கரண்டி கூட ஊற்றினால் வாயில் வைக்க முடியாது. மாங்காவில் வெறுமனே சோயா என்று இருந்தால் கொய்குச்சியே வாங்குங்கள்.