செலவைக் குறைங்கன்னு சொல்ற எம்.எல்.ஏ. எங்க இருக்காருங்க?

எங்க ஊர் பஸ் ஸ்டாப்பில் பழைய நிழற்குடை ஒன்று இருந்தது. ஓட்டுக் கூரை, சிமெண்ட் திண்ணை, பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். ஒழுகவில்லை, விரிசல் விடவில்லை. அதை இடித்துவிட்டு ஸ்டீல் குழாயும் வளைந்த தகரமுமாகப் புதிதாக ஒன்று வைத்தார்கள். மேற்கே பார்த்த வாக்கில் இருப்பதால் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே இறங்குகிறது. சனங்க எல்லாம் பக்கத்துப் புளியமரத்தடியில்தான் நிற்கிறார்கள். நிதி ஒதுக்கியவரின் பெயர் மட்டும் ஊர்ப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது.

தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒரு எம்.எல்.ஏ.வுக்கு வருடத்துக்கு 3 கோடி ரூபாய். மாநில பட்ஜெட்டில் அது ஒரு துளிதான். ஆனால் துளியிலேயே கை இப்படி என்றால் குடத்தில் எப்படி இருக்கும்? 234 பேர் உட்காரும் சபையில் "இந்தச் செலவு வேண்டாம்" என்று எழுந்து சொல்ல ஒருவராவது இருக்கிறாரா என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

காங்கேயத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை ஒரு எம்.எல்.ஏ.வுக்கு. பெயரும் கட்சியும் இங்கே வேண்டாம். சொந்தமாகத் தறி போட்டு, மில் வைத்து மேலே வந்தவர். கேட்டுவிட்டேன். "ஏனுங்கண்ணா, உங்க மில்லுல நல்லா இருக்கற ஷெட்டை இடிச்சுட்டு இன்னொண்ணு கட்டுவீங்களா?"

சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கட்ட மாட்டனுங் தம்பி. ஆனா ஒண்ணு சொல்றேன். என்ர ஆபீசுக்கு எத்தனையோ மனு வருது. அதைக் கட்டிக் குடுங்க, இதைப் போட்டுக் குடுங்கன்னுதான் வருது. இது வேண்டாங்க, காசை மிச்சம் பண்ணுங்கன்னு இத்தனை வருசத்துல ஒருத்தரும் மனுக் குடுத்ததில்லீங்க."

அதற்குப் பிறகு பாயசம் வந்ததா, சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

அரசியல் சட்டம் எம்.எல்.ஏ. கையில் என்ன கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். 203-வது பிரிவின்படி மானியக் கோரிக்கை, அதாவது செலவுக்குப் பணம் கேட்டு அரசு வைக்கும் கோரிக்கை, சபைக்கு வரும்போது சபை அதை ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். கூட்ட மட்டும் முடியாது. அதாவது மக்கள் பிரதிநிதியின் வேலையே செலவைத் தட்டிக் கேட்பதுதான். வெட்டுத் தீர்மானம் என்ற பெயரே அதற்காக வந்தது. ஆனால் 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடலாம். ஆகவே எவர் எப்படி வாக்களித்தார் என்று பார்த்து நம்ம ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. மேடைப் பேச்சை வைத்தும் முடியாது.

பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு என்று சபையில் குழுக்கள் இருக்கின்றன. எல்லாக் கட்சிக்காரர்களும் அதில் உண்டு. தணிக்கை அறிக்கையில் "இவ்வளவு வீண்" என்று சொன்னதை எடுத்து வைத்துக்கொண்டு அதிகாரிகளைக் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. அங்கே படித்துவிட்டு வருகிறவர் யார், கேள்வி நேரத்தில் "இந்தத் திட்டத்துக்கு இதுவரை எவ்வளவு போச்சு, என்ன கிடைச்சது" என்று கேட்கிறவர் யார்? அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி.

தனிக் கட்சியாகத் தேடிப் பார்த்ததும் நடந்திருக்கிறது. நம்ம திருச்செங்கோட்டுப் பக்கம் காந்தி ஆசிரமம் அமைத்த ராஜாஜி, 1959-இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். லைசென்ஸ், பர்மிட், கோட்டா என்று அரசாங்கம் எல்லாவற்றிலும் கை வைக்கக் கூடாது என்பதுதான் அதன் உயிர்மூச்சு. 1967-இல் நம்ம சட்டசபையில் 20 பேர் இருந்தார்கள். 1974-இல் கட்சியே கரைந்து இன்னொன்றில் கலந்துவிட்டது. அதனால் கட்சியைத் தேடுவதை விட்டுவிட்டேன், ஆளைத் தேடுகிறேன்.

அரசாங்கமே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். அத்திக்கடவு-அவினாசித் திட்டத்துக்கு நம்ம சனங்க எத்தனை தலைமுறையாகக் காத்துக் கிடந்தார்கள்! 2024 ஆகஸ்டில்தான் தொடங்கி வைத்தார்கள். 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வேலையைத் தனி ஆள் செய்ய முடியாது, அரசாங்கம்தான் செய்ய வேண்டும். அதைத் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டு, மதுக்கடையைத் தன் கையில் வைத்துக்கொண்டு நடத்துகிற அரசாங்கத்தைத்தான் கேட்கிறேன்: எது உங்க வேலை?

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தன் நிதி நிலைமை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அரசாங்கம் வாங்கிய கடனைப் பங்கு போட்டால் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்று சொன்னது. தறிக்குப் பாவு வாங்கக் கடன் வாங்கினால் தறி ஓடி அடைக்கும். நிழற்குடைக்கு மேல் நிழற்குடை எதை ஓட்டி அடைக்கும்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வளர்த்த ஊர் இது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். என் தோட்டத்து மோட்டாருக்கு இலவச மின்சாரம்தான். 1990-இல் எல்லா விவசாயிக்கும் வந்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்து நம்ம பக்கத்து விவசாயிகள் பெருமாநல்லூரில் 1970-இல் உயிரையே கொடுத்தார்கள், அதை நான் மறக்கவில்லை. ஆனால் எங்க அப்பாரு வெட்டிய கிணறு 80 அடி. இப்போது நான் தண்ணி எடுக்கிற போர் 1,100 அடி. ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று விட்டதில் எனக்கும் பங்கு இருக்கிறது. மீட்டர் வைத்து ஓர் அளவுக்கு மேல் காசு கட்டச் சொன்னால் கட்டுவேன். எழுதியே கொடுக்கிறேன்.

போன வாரம் அந்த மனுவை எழுதினேன். ஊரில் ஏற்கெனவே இருக்கும் சமுதாயக் கூடத்தில் மக்காச்சோள மூட்டைதான் அடுக்கியிருக்கிறது. இரண்டாவதாக ஒன்று கட்ட இடம் பார்க்கிறார்கள். "எங்களுக்கு வேண்டாம், இந்தத் தொகையை மிச்சம் பிடியுங்கள்" என்று நாலே வரி. வீடு வீடாகப் போனதில் பதினொரு கையெழுத்து கிடைத்தது. சின்னம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஏங்கண்ணு, வேண்டாம்னு சொல்றதுக்குக் கூட மனு உண்டா?" என்றார். உண்டு என்றேன். பேனாவை வாங்கி, முழுப் பேரையும் நிதானமாக எழுதிக் கொடுத்தார்.