எதிர்க்க ஆளில்லாத தலைப்பில் என்ன போட்டி?

கல்லூரித் தமிழ் மன்ற விழாக்களுக்கு என்னை நடுவராகக் கூப்பிடுகிறார்கள். தலைப்பு என்ன என்று கேட்டால், 'நாளைய பாரதம் இளைஞர் கையில்' என்கிறார்கள். இல்லை, கிழவர் கையில்தான் என்று பேச யாராவது வருவார்களா என்று கேட்டால் போனில் சிரிப்புச் சத்தம்தான் வருகிறது. இனி இந்த மாதிரிப் பேச்சுப் போட்டிகளுக்கு வருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தனித்தனியாகச் சொல்லி எல்லாரையும் சங்கடப்படுத்துவதைவிட இங்கேயே காரணத்தை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். பதிவு கொஞ்சம் நீளம்.

நான் வடசென்னைத் தண்டையார்பேட்டைக்காரி, ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் வக்கீல். படிக்கும்போது ஆங்கில டிபேட் அணியில் இருந்தேன். இப்போது நம்ம பக்கத்துக் கல்லூரி ஒன்றின் அணிக்கு மாலையில் பயிற்சி கொடுக்கிறேன். பாதிப் பிள்ளைகள் வீட்டில் முதல் பட்டதாரிகள். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள்.

டிபேட் என்றால் பட்டிமன்றம் என்று நினைப்பவர்களுக்காக ஆட்டத்தின் விதியைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக அளவில் அதிகம் நடப்பது பிரிட்டிஷ் பார்லிமென்டரி முறை. ஓர் அறையில் நான்கு அணிகள், அணிக்கு இரண்டு பேர். இரண்டு அணி தலைப்பை ஆதரிக்கும் அரசுத் தரப்பு, இரண்டு அணி எதிர்த்தரப்பு. எந்தத் தரப்பு என்பது நம் கையில் இல்லை. மோஷனை, அதாவது விவாதத் தலைப்பை, அறிவித்த பிறகு தயாரிக்க 15 நிமிடம்தான். இணையம் பார்க்கக் கூடாது, பயிற்சியாளரிடம் கேட்கக் கூடாது. அப்புறம் ஆளுக்கு 7 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, நடுவில் எதிராளி எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். இதைத்தான் பிஓஐ (பாயின்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன்) என்பார்கள். எழுந்தவரை எல்லாம் கையமர்த்திவிட்டு ஒருத்தரைக்கூட ஏற்காமல் பேசி முடித்தால் பயந்துவிட்டாய் என்று அர்த்தம். ஒரே தரப்பில் பின்னால் வரும் அணி, முன்னால் பேசியவர்கள் சொன்னதையே சொன்னால் தேறாது. புதிதாக ஒரு வாதம் வைக்கவேண்டும், ஆனால் முன்னால் பேசியவர்களின் காலை வாரவும் கூடாது. முடிந்ததும் நடுவர்கள் கூடிப் பேசி 3, 2, 1, 0 என்று வரிசைப்படுத்துவார்கள். அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நடுவர் எழுந்து, நீ ஏன் தோற்றாய், உன் எந்த வாதத்தை யார் உடைத்தார்கள் என்று முகத்துக்கு நேராகக் காரணம் சொல்லவேண்டும்.

நம்ம ஊர்ப் பேச்சுப் போட்டியில் எந்த நடுவராவது காரணம் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'அனைவரும் சிறப்பாகப் பேசினீர்கள், இருந்தாலும்...' என்று இழுத்துவிட்டுப் பரிசைக் கொடுப்பார்கள்.

பேச்சுப் போட்டியில் பையன் என்ன கற்றுக்கொள்கிறான்? தமிழய்யாவோ அத்தையோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்ய. எந்த இடத்தில் குரலை உயர்த்தவேண்டும், எந்த இடத்தில் கை தட்டுவார்கள் என்று கணக்குப் போட. அவைக்கு வணக்கம், அன்னைத் தமிழுக்கு வணக்கம், நடுவர் பெருமக்களுக்கு வணக்கம் என்று நீட்டி முடிப்பதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். ஏழு நிமிடத்தில் ஒரு நிமிடம் என்பது ஒரு முழு வாதம். அப்புறம் ஒரு குறள். குறள் சொன்னால் நிரூபித்தாகிவிட்டதா? நான் வள்ளுவருக்கு விரோதி இல்லை. ஆனால் கோர்ட்டில் நான் குறளைச் சொல்லி ஜாமீன் வாங்கியதில்லை.

பட்டிமன்றம் இன்னும் மோசம் என்பேன். அங்கே யாருக்கும் சுருக்கென்று படும்படி யாரும் பேசுவதில்லை. நகைச்சுவைத் துணுக்கு, மாமியார், மருமகள், கைதட்டல். நடுவர்தான் நட்சத்திரம், கடைசியில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று தீர்ப்பு. ரசிக்கலாம், நானும் பொங்கலன்றைக்கு டிவியில் பார்ப்பேன். அதைப் பார்த்து வாதம் செய்யக் கற்றுக்கொள்ள முடியாது.

சரி, ஆங்கில டிபேட் இருக்கிறதே, அதற்கே பிள்ளைகளை அனுப்பலாமே என்பீர்கள். அனுப்புகிறோம். உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி 1981இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. 2014இல் அது சென்னைக்கே வந்தது. ராஜலட்சுமி பொறியியல் கல்லூரி நடத்தியது, ஹார்வர்டு அணி ஜெயித்தது. அந்தப் போட்டியில் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்குத் தனிப் பிரிவுகளும் உண்டு. உச்சரிப்பைப் பார்க்காதே, வாதத்தைப் பார் என்பதுதான் விதி. விதி நல்ல விதிதான். ஆனால் நகரத்தில் நடந்த ஒரு போட்டியில், அறையிலேயே நல்ல வாதத்தை வைத்த எங்கள் பெண்ணுக்கு நடுவர் சொன்ன ஒரே காரணம், 'இங்கிலீஷை இன்னும் கொஞ்சம் பாலிஷ் பண்ணுங்க' என்பது. அவள் அடுத்த வாரமே வரவில்லை. பதிவுக் கட்டணம், வெளியூர் என்றால் தங்குமிடம், ராத்திரி வரை நீளும் ரவுண்டுகள் இதெல்லாம் தனிக்கதை. 'ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்' என்று சொல்லும் அம்மாவிடம் பிரேக் ரவுண்டு (தேறிய அணிகள் மட்டும் ஆடும் அடுத்த கட்டச் சுற்று) என்றால் என்ன என்று விளக்கிப் பாருங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், இதே விதியைத் தமிழில் ஆடுங்கள். ஆங்கிலத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. வாதம் செய்யத் தமிழில் பழகியவன் ஆங்கிலத்துக்குப் போனால் சொல்லைத்தான் தேடவேண்டியிருக்கும், கருத்தைத் தேடவேண்டியிருக்காது. ரெண்டையும் ஒரே நேரத்தில் தேடச் சொல்லித்தான் நாம் பிள்ளைகளை வாயடைத்து வைத்திருக்கிறோம்.

பயிற்சியில் தமிழில் ஆடிப் பார்த்தோம். 'எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய தொழிற்சாலைகளை இந்த அவை மூடும்' என்று மோஷன். எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பையனுக்கு எதிர்த்தரப்பு விழுந்தது. அதாவது, மூடக் கூடாது என்று அவன் பேசவேண்டும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் பரவி, அவன் வீட்டுப் படகும் வலையும் நாசமானது. அந்த மாதக் கடைசியிலேயே பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் நடுராத்திரியில் ஓடினார்கள். "அக்கா, இதை நான் எப்படிக்கா பேசுவேன்? வீட்ல தெரிஞ்சா செருப்பால அடிப்பாங்க" என்றான். மோஷனை மாற்றிவிடலாமா என்று நானும் யோசித்தேன். மாற்றவில்லை.

அவன் பேசியதை இங்கே சுருக்கமாகத் தருகிறேன். "மூடிட்டா அவன் பூட்டைப் போட்டுட்டுப் போயிடுவான். ஆத்துல கிடக்கிற சாம்பலையும் எண்ணெயையும் யாரு அள்ளுவாங்க? கம்பெனி ஓடுற வரைக்கும்தான் அவன்கிட்ட காசு கேட்க முடியும். முதல்ல சுத்தம் பண்ணட்டும், இழப்பீடு தரட்டும், அப்புறம் மூடுறதைப் பத்திப் பேசுவோம்." எதிரே இருந்தவர்களுக்குப் பதில் இல்லை. அவர்களும் இவன் கட்சிதான், மனசளவில். ஆனால் மூடு என்று கோஷம் போடத் தெரிந்த அளவுக்கு, மூடிய பிறகு என்ன என்று யோசித்திருக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பையன் ஆலைகளுக்கு எதிரிதான். ஆனால் இப்போது அவனிடம் கேட்பதற்குச் சரியான கேள்வி இருக்கிறது.

இது வெறும் கோப்பைக்கான ஆட்டம் இல்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வடசென்னையில் அனல்மின் நிலையமோ ஆலை விரிவாக்கமோ வருகிறது என்றால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு, அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில், கூட்டம் முழுக்க வீடியோ. மக்கள் எழுப்பிய பிரச்சினைகளையும் அவற்றுக்கு நிறுவனம் சொல்லும் பதிலையும் பட்டியல் போட்டு எழுதவேண்டும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. 'எங்க வயித்துல அடிக்காதீங்க' என்று அழுதால், வேலைவாய்ப்பில் முன்னுரிமை தரப்படும் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். 'உங்கள் அறிக்கையில் சாம்பல் குழாய் உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று இல்லையே, எந்தப் பக்கத்தில் இருக்கிறது?' என்று கேட்டால் அப்படி ஒரு வரியில் தப்ப முடியாது. அழுகைக்கு மரியாதை இல்லை என்று சொல்லவில்லை. அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்கிறேன். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும், கூட்டம் நடப்பது தமிழில். ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் மடக்கத் தெரிந்த பிள்ளைகளை எந்தப் பேச்சுப் போட்டி உருவாக்கியிருக்கிறது?

நம்ம பக்கத்துக்குப் பேச்சு புதிதில்லை. 1918இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களைச் சேர்த்து சென்னைத் தொழிற்சங்கம் உருவானபோது அதன் தலைவர் பி.பி. வாடியா ஆங்கிலத்தில் பேச, திரு.வி.க. தமிழில் எடுத்துச் சொன்னார். தெருமுனைக் கூட்டத்தில் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதி மேடைக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. என் அப்பா அப்படி நிறையக் கேட்டிருக்கிறார். அந்தத் துண்டுச்சீட்டுதான் நம்முடைய பிஓஐ. மேடையை வைத்துக்கொண்டு சீட்டை விட்டுவிட்டோம்.

ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. நம்பாத தரப்பில் பேசப் பழகினால் நாக்கு எந்தப் பக்கமும் வளையும், கொள்கை போய்விடும் என்கிறார்கள். என் தொழிலையே இடித்துத்தான் சொல்கிறார்கள், புரிகிறது. எல்லா மோஷனும் ஆட்டத்துக்கு உரியதல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒருவனுடைய சாதியையோ அவன் மனிதன்தானா என்பதையோ இரு தரப்பாக்கி விவாதிக்க விடமாட்டேன். ஆனால் கரையோர வீடுகளைக் காலி செய்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்புவது சரியா, பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்தை எல்லாருக்கும் ஆக்கலாமா, இதில் எல்லாம் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்றே தெரியாத கொள்கைப் பிடிப்பை வைத்துக்கொண்டு ஒரு அதிகாரியின் முன்னால் ஐந்து நிமிடம்கூட நிற்க முடியாது.

தமிழ் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடை, சால்வை, நினைவுப் பரிசு எதுவும் வேண்டாம். மாலை நான்கு மணிக்கு ஒரு வகுப்பறை, எட்டுப் பேர், ஒரு கைக்கடிகாரம் போதும். ஆறரைக்கு முடித்துவிடலாம், பெண் பிள்ளைகள் ஏழுக்குள் வீடு சேர்ந்துவிடுவார்கள். நடுவராக உட்கார வக்கீல்கள், தொழிற்சங்கக்காரர்கள், ஆசிரியர்கள் முன்வந்தால் நல்லது. தீர்ப்புக்குக் காரணம் சொல்லத் தயாராக இருப்பவர்கள் மட்டும் எனக்கு எழுதுங்கள். முதல் ரவுண்டுக்கு நானே வருகிறேன்.