அம்மாவின் ரேகை விழவில்லை

அம்மா பண்ருட்டிப் பக்கம் 25 வருஷம் முந்திரி உடைத்தவர். அந்த ஓட்டின் எண்ணெய் தோலையே அரித்துவிடும், சாம்பல் தடவிக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனி வழவழவென்று ஆகிவிடும். புதுச்சேரியில் வங்கிக்குப் போனாலும் மூன்று தடவை துடைத்து வைத்தால்தான் ரேகை விழும்.

போன மாதம் தங்கச்சிக்குப் பிரசவம் என்று பிரான்ஸ் போனார். விசாவுக்கே பத்து விரலையும் பதிந்து வாங்கிவிட்டார்கள். அப்புறம் அங்கே இறங்கியதும் மறுபடி விரலை வைக்கச் சொல்லி, முன்பு கொடுத்ததோடு ஒத்துப்போகவில்லை என்று ஓரமாக நிற்கவைத்துவிட்டார்கள், முக்கால் மணி நேரம், தமிழைத் தவிர எதுவும் தெரியாத மனுஷியை! 2025 அக்டோபர் 12 முதல் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகத்தைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் முறையை அங்கே படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். சரி, முகம்தான் இருக்கிறதே, அதை வைத்துப் பார்க்கக் கூடாதா?

ரேகை எடுக்கவே முடியாதவர்களுக்கு அவர்கள் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆனால் அம்மா மாதிரி ஒரு நாள் விழுந்து மறுநாள் விழாதவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? உழைத்துத் தேய்ந்த விரலைத் திருட்டு விரல் மாதிரி பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்களாம்.

பேரனுக்கு முதல் பிறந்தநாள் வரும்போது போகலாம் என்றால், "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் வரலை" என்கிறார்.