பொது வீடு

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் கேள்விப்பட்டிருப்பீர்கள். லண்டனில் எங்கள் தெருமுனை பப் அடுக்குமாடி வீடாகிவிடாமல் காப்பாற்ற நான் நீட்டிய கையெழுத்துத் தாளைப் பார்த்துவிட்டு, நான் அண்ணன் என்று கூப்பிடுகிற ஒருவர், பத்துப் பேர் முன்னால், "குடிக்கிற இடத்துக்கெல்லாமா கையெழுத்து கேட்கிறது?" என்றார். அங்கே நான் பதில் பேசவில்லை. மகள் பக்கத்தில் நின்றாள். மூன்று நாளாகியும் மனது ஆறவில்லை.

நான் குடிப்பதில்லை. எங்கள் பெரியப்பாவைக் குடிதான் கொண்டுபோனது. பெரியம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். குடியின் கேடு பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். நான் பேசுவது குடியைப் பற்றி அல்ல, இடத்தைப் பற்றி. டாஸ்மாக் வாசலை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பப் என்னவென்று புரியாது. பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம்தான் பப். பொது வீடு.

லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலம். வேலை முடிந்து வந்தால் சாவி இல்லை. அறை நண்பன் நைட் ஷிஃப்ட். பனி கொட்டுகிறது. அந்த பப்புக்குள் போய் ஒரு லெமனேட் வாங்கிக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னொன்று வாங்கு என்று யாரும் சொல்லவில்லை. கல்லாவில் நின்ற அம்மா ஒரு தட்டு சிப்ஸ் கொண்டுவந்து வைத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். கணப்புப் பக்கத்தில் இருந்த பெரியவர் தன் நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்தார். இந்த நாட்டில் என்னிடம் அடையாள அட்டை கேட்காமல் என்னை உட்கார வைத்த முதல் இடம் அது.

"பழைய கட்டடம் போனால் போகட்டும்" என்பவர்கள் லண்டன் கில்பர்னில் இருக்கும் கார்ல்டன் டாவர்ன் என்ற பப்பைப் போய்ப் பாருங்கள். 1918இல் ஜெர்மன் குண்டு விழுந்து பழைய கட்டடம் அழிந்தது. 1920–21இல் சாரிங்டன் என்ற பீர் ஆலை அதே இடத்தில் புதிதாகக் கட்டியது. இரண்டாம் உலகப் போரின் குண்டுகளையும் அது தாங்கி நின்றது. 2015 ஏப்ரலில், சரக்குக் கணக்கு எடுக்க வேண்டும் என்று ஊழியர்களிடம் சொல்லிக் கடையை மூட வைத்து, அனுமதியே இல்லாமல் உரிமையாளர்கள் புல்டோசரை விட்டு இடித்தார்கள். அங்கே அடுக்குமாடி வீடு கட்டக் கேட்ட விண்ணப்பத்தை அந்தப் பகுதியின் உள்ளாட்சியான வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் ஏற்கெனவே மறுத்திருந்தது. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்ப்பதற்கான பரிசீலனை அப்போது நடந்துகொண்டிருந்தது.

ஆனால் அந்தத் தெருக்காரர்களுக்கு முன்பே சந்தேகம் வந்திருந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டதால் ஓடுகளின் அச்சும் படங்களும் முன்பே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அதை வைத்துத்தான், இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்டு என்று கவுன்சிலால் உத்தரவு போட முடிந்தது. உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்து 2016இல் தோற்றார்கள். 2021 ஏப்ரலில் கதவு திறந்தது. எழுந்தது கட்டடம்தான், ஆனால் எழுப்பியது அங்கே போய் உட்கார்ந்த மனிதர்கள். அவர்களையும் யாராவது குடிகாரக் கூட்டம் என்று சொல்லியிருப்பார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. ஸ்டாஃபோர்ட்ஷயரில் சுரங்கத்தால் நிலம் இறங்கிச் சாய்ந்தே நின்ற க்ரூக்கட் ஹவுஸ் என்ற பப், 1765இல் கட்டிய கட்டடம். 2023 ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. 7ஆம் தேதி இடித்தே விட்டார்கள். திரும்பக் கட்டச் சொல்லி அடுத்த ஆண்டு உத்தரவு வந்தது. முதலிலேயே சட்டப் பாதுகாப்பு இருந்திருந்தால் உத்தரவு எதற்கு?

"வீட்டுக்கே பஞ்சம், அங்கே நாலு பேர் குடியிருக்கட்டுமே" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் அப்படிக் கட்டுகிற ஃபிளாட் நம்மைப் போன்றவர்கள் வாங்கும் விலைக்கா வரும்?

என்னைச் சுட்டது வேறு கேள்வி. "வெள்ளைக்காரன் வரலாறு நமக்கு எதுக்குப்பா?" அண்ணே, நான் இந்தத் தெருவில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். என் மகள் இங்கேதான் பிறந்தாள். அவளுக்கு இது ஊர் இல்லையென்றால் எது ஊர்? ஊரில் என் அப்பா தினமும் விடியற்காலையில் போய் உட்கார்ந்த டீக்கடை, சாலை அகலமாக்கும்போது போனது. யாரும் கையெழுத்து வாங்கவில்லை. நானும் இங்கிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் அப்பா காலையில் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். பேப்பரை வீட்டிலேயே படித்தார், பேசத்தான் ஆள் இல்லை. இரண்டு வருஷம் அப்படியே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். டீக்கடை போனதால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சரி, அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று படித்தாவது பாருங்கள். இதற்கு 2011இல் ஒரு சட்டமே வந்திருக்கிறது. உள்ளூர் வாக்காளர் 21 பேர் சேர்ந்து கேட்டால், ஒரு பப்பைச் சமூகச் சொத்தாகப் பதியும்படி கவுன்சிலிடம் விண்ணப்பிக்கலாம். பதிந்துவிட்டால், உரிமையாளர் விற்க நினைக்கும்போது, ஊர்க்காரர்கள் பணம் திரட்ட ஆறு மாதம் வரை அவகாசம் கேட்க முடியும். தென்கிழக்கு லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் என்ற பப்பை 2013இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கியது இந்த வழியில்தான்.

எங்களிடம் 18 கையெழுத்து இருக்கிறது. மூன்று குறைகிறது. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கணப்புப் பக்கத்து மேசையில் இருப்பேன். அண்ணன் வந்தாலும் நாற்காலி உண்டு.